தோல் ஒட்டும் எதிர்ப்பொருளும்: ஆய்வக எலிகளில் நடப்பது என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயெதிர்ப்பியல் படிக்கிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. “ஒட்டுவைத்த தோலை அழிப்பது டி செல்தான் என்று பாடத்தில் படித்தோம். அப்புறம் எதிர்ப்பொருள் எங்கிருந்து வருகிறது?” (டி செல் என்பது நோயெதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளணு. எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, அந்நியப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும் ரத்தப் புரதம்.) ஒரு வரியில் பதில் சொன்னால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். அதனால் அந்தக் கேள்வியையும், அதை ஒட்டி வரும் மற்றவற்றையும் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தோல் ஒட்டு என்றால் சரியாக என்ன?

ஓர் இடத்திலிருந்து தோலை வெட்டியெடுத்து வேறோர் இடத்தில் வைப்பது. வெட்டியெடுக்கும்போது அதன் ரத்தக்குழாய்கள் எல்லாம் அறுந்துபோகும். சிறுநீரகத்தையோ இதயத்தையோ மாற்றும்போது குழாயோடு குழாய் சேர்த்துத் தைப்பார்கள். கவ்வியை எடுத்ததும் ரத்தம் பாயும். தோல் ஒட்டில் அப்படி எதுவும் கிடையாது. புண்ணின் மேல் வைத்து, கட்டுப்போட்டு, கீழேயிருந்து ரத்த ஓட்டம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல விஷயங்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

யாருடைய தோல் என்பதும் முக்கியம். அதே விலங்கின் தோல் என்றால் ஒட்டிக்கொள்ளும். ஒரே தூய இனவழியைச் சேர்ந்த, அதாவது மரபணு ஒன்றுபோலாகும்படி தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே பெருக்கப்பட்ட, இரண்டு சுண்டெலிகளுக்கு இடையிலும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். வேறு இனவழி என்றால் நிராகரிக்கப்படும். எலியின் தோலைச் சுண்டெலிக்கு வைப்பதுபோல வேறு உயிரினத்துத் தோல் என்றால் நிராகரிப்பு இன்னும் கடுமையாக இருக்கும்.

ஏன் தோலையே எடுத்துக்கொண்டார்கள்?

கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் முதல் காரணம். உள்ளுறுப்பு என்றால் வயிற்றைத் திறந்தோ ரத்தத்தைச் சோதித்தோதான் அதன் நிலை தெரியும். தோல் ஒட்டு வெளியே இருக்கிறது. நிறம் மாறுவது, தடிப்பது, காய்ந்து உதிர்வது எல்லாம் நாள்தோறும் கண்முன் நடக்கும். கறுப்புச் சுண்டெலியின் தோலை வெள்ளைச் சுண்டெலியின் விலாவில் வைத்து அது பிழைத்துவிட்டால், சில வாரங்களில் வெள்ளை உடம்பில் கறுப்பு மயிர்த் திட்டு ஒன்று முளைத்து நிற்கும். எந்தக் கருவியும் வேண்டாம், கூண்டுக்கு வெளியே நின்றே முடிவைப் படித்துவிடலாம்.

இரண்டாவது காரணம், தோல் விட்டுக்கொடுக்காத திசு. கல்லீரலை ஏற்றுக்கொள்ளும் விலங்குகூடத் தோலை ஏற்காமல் போவதுண்டு. ஒரு மருந்தோ முறையோ தோலைக் காப்பாற்றினால் அதற்குத் தனி மதிப்பு.

இந்த ஆராய்ச்சி எங்கே தொடங்கியது?

இரண்டாம் உலகப் போர்க்காலத்துத் தீக்காயங்களில். 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியல் அறிஞர் பீட்டர் மெடாவரின் வீட்டுக்கு அருகே ஒரு போர் விமானம் விழுந்து, அதிலிருந்தவர் கடுமையாகத் தீக்காயம் பட்டார். அவருக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று மருத்துவர்கள் மெடாவரைக் கேட்டார்கள். அங்கிருந்து அவர் கிளாஸ்கோவின் தீக்காயப் பிரிவுக்குப் போய், அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனுடன் சேர்ந்து வேலை செய்தார். அங்கே எரிவாயு அடுப்பின் மேல் விழுந்து வெந்துபோன 22 வயதுப் பெண் ஒருவருக்கு, அவருடைய சொந்தத் தோலையும் உடன்பிறந்த சகோதரரின் தோலையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்துப் பார்த்தார்கள். சொந்தத் தோல் பிடித்துக்கொண்டது. சகோதரரின் தோல் சில நாள் நன்றாக இருந்துவிட்டு அழிந்தது. அதே ஆளிடமிருந்து இரண்டாம் முறை எடுத்து வைத்தபோது இன்னும் வேகமாக அழிந்தது. 1943இல் இருவரும் இதை வெளியிட்டார்கள்.

அந்த இரண்டாம் முறையின் வேகம்தான் விஷயத்தைத் திறந்துவிட்டது. அம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை உடல் உடனே எதிர்ப்புக் காட்டுவதுபோல, தோலையும் உடல் நினைவில் வைத்திருக்கிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மெடாவர் முயல்களில் நூற்றுக்கணக்கான ஒட்டுகள் வைத்து இதை உறுதிசெய்தார்.

நினைவு என்றால் எதிர்ப்பொருள்தானே? அப்படி நினைக்கவில்லையா?

நினைத்தார்கள். அந்தக் காலத்தில் நோயெதிர்ப்பு என்றாலே, ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்தான். லண்டனில் பீட்டர் கோரர் 1930களிலேயே, வேறு இனவழியிலிருந்து வைத்த புற்றுக்கட்டியை நிராகரித்த சுண்டெலிகளின் சீரத்தில், கட்டியைக் கொடுத்த இனவழியின் ரத்த அணுக்களைத் திரளவைக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டியிருந்தார். அப்படி அவர் அடையாளம் கண்டதுதான் பின்னால் ‘ஹெச்-2’ என்று பெயர்பெற்றது. திசு யாருடையது என்று காட்டும், செல்லின் மேற்பரப்பு அடையாளம் அது. மனிதரில் ‘ஹெச்எல்ஏ’ என்று சொல்கிறோமே, அதற்குச் சுண்டெலியில் உள்ள இணை. ஆக, எதிர்ப்பொருள் உண்டாகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது ஒட்டைக் கொல்கிறதா என்பதுதான் கேள்வி.

கொல்லவில்லை என்று எப்படி முடிவுக்கு வந்தார்கள்?

1953, 54 ஆண்டுகளில் வந்த சோதனைகளால். பில்லிங்ஹாம், பிரெண்ட், மெடாவர் மூவரும் பழுப்பு நிறச் ‘சிபிஏ’ இனவழிச் சுண்டெலிகளைக் கருவிலேயே வெள்ளை ‘ஏ’ இனவழியின் செல்களுக்குப் பழக்கினார்கள். வளர்ந்தபின் அவற்றுக்கு வெள்ளைத் தோலை வைத்தபோது ஏற்றுக்கொண்டன. பழுப்புச் சுண்டெலியின் மேல் வெள்ளை மயிர்த் திட்டு, வாரக்கணக்காக அசையாமல் இருந்தது. அதன்பின் ஏற்கெனவே ‘ஏ’ தோலை நிராகரித்த வேறொரு சிபிஏ சுண்டெலியின் நிணநீர் முடிச்சுத் திசுவை எடுத்து இதற்குள் செலுத்தினார்கள். அத்தனை நாள் அமைதியாக இருந்த அந்தத் திட்டு தடித்து, வெந்ததுபோலாகி அழிந்தது. செல்லை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் எதிர்ப்பும் கூடவே போகிறது. சீரத்தை மட்டும் மாற்றினால் அப்படி நடக்கவில்லை. மிட்சிசன் என்ற ஆய்வாளர் புற்றுக்கட்டிகளை வைத்து இதையே காட்டினார்.

அமெரிக்காவில் ஆல்கைரும் அவருடன் வேலை செய்தவர்களும் வேறு வழியில் போனார்கள். அந்நியத் திசுவைச் சவ்வு போர்த்திய சிறு அறைக்குள் வைத்து, எதிர்ப்பு பெற்ற சுண்டெலியின் உடலுக்குள் பொருத்தினார்கள். சவ்வின் துளைகள் வழியே திரவம் போகும், செல் போகாது. உள்ளே இருந்த திசு பிழைத்தது. திரவத்தில் எதிர்ப்பொருள் இருந்தும் அது சாகவில்லை.

இவ்வளவும் சேர்ந்ததும், தோல் ஒட்டு விவகாரத்தில் எதிர்ப்பொருள் குற்றமற்றது என்று பலரும் தீர்ப்பெழுதிவிட்டார்கள். பாடப்புத்தகங்களில் இன்றும் அந்தத் தீர்ப்பின் நிழல் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு தவறா?

அவசரமானது என்பேன். ‘இந்த நிலையில் கொல்லவில்லை’ என்பதை ‘எந்த நிலையிலும் கொல்லாது’ என்று படித்துவிட்டார்கள். சுண்டெலியில் எதிர்ப்பொருளுக்கு ஒரு பெரிய குறை உண்டு: அதன் கையாளான காம்ப்ளிமென்ட் என்ற சீரப் புரதத் தொகுதி சுண்டெலியில் வீரியம் குறைந்தது. எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் கொல்லும் வேலை பாதியில் நின்றுவிடும்.

1973இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. நெதர்லாந்தில் கூனேயும் கூட்டாளிகளும், ஏற்கெனவே பிடித்துக்கொண்ட தோல் ஒட்டைச் சுமந்த சுண்டெலிகளுக்கு, கொடையாளி இனவழிக்கு எதிரான எதிர்ப்பொருளோடு முயலின் காம்ப்ளிமென்ட்டையும் சேர்த்துச் செலுத்தினார்கள். ஒட்டு அதிவேகமாக நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் வின், ரஸல் ஆகியோரின் குழு, எதிர்ப்பு அடக்கப்பட்ட சுண்டெலிகளின் மேல் வாழ்ந்துகொண்டிருந்த எலித் தோலை, எலிக்கு எதிரான சீரம் கொடுத்து அழித்துக் காட்டியது. அதில் காம்ப்ளிமென்ட்டுக்கும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களுக்கும் உள்ள பங்கையும் ஆராய்ந்தார்கள்.

அந்தச் சோதனையை அருகில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்?

மயக்கமருந்து கொடுத்த சுண்டெலியின் விலாவில் மயிரை மழித்து, நகத்தளவு தோலை நீக்குவார்கள். அடியில் இருக்கும் மெல்லிய தசைப்படலமும் அதிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களும் கெடாமல் எடுப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. அந்தப் படுக்கை கெட்டால் ஒட்டு பிடிக்காது. கொடையாளியின் தோலை அங்கே பரத்தி, வாஸலின் தடவிய வலைத்துணி வைத்து, மேலே கட்டு சுற்றுவார்கள். சுண்டெலி சும்மா இருக்காது, பல்லால் கடித்துக் கட்டைப் பிய்க்கப் பார்க்கும். அதனால் ஒட்டுப்பட்டையோ பிளாஸ்டரோ சுற்றி இறுக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் மூச்சுவிடச் சிரமப்படும். சுமார் ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரிப்பார்கள்.

நன்றாகப் பிடித்த ஒட்டு இளஞ்சிவப்பாக, மிருதுவாக, விரலால் தொட்டால் அடியோடு சேர்ந்து அசையும். இப்படிப் பிடித்தபின் சீரத்தை ஊசியில் ஏற்றினால், முதலில் ஒட்டு சிவந்து தடிக்கும். அப்புறம் ஊதாவாகி, உள்ளே ரத்தம் கசிந்ததுபோலத் திட்டுத்திட்டாகக் கறுக்கும். ஓரிரு நாளில் கடினமான கரும்பொருக்கு. சுற்றியுள்ள சுண்டெலியின் சொந்தத் தோலுக்கு ஒன்றும் ஆகாது. கத்தியால் கீறியதுபோல எல்லை அவ்வளவு துல்லியமாக இருக்கும்.

டி செல் செய்யும் நிராகரிப்பு வேறு மாதிரி. ஹெச்-2 முழுவதும் வேறுபட்ட தோல் என்றால் முதல் முறை பெரும்பாலும் பத்து நாள் சுற்றுவட்டத்தில் அழியும். மயிர் உதிர்ந்து, சுருங்கி, மெல்ல மெல்லக் காயும்.

எதிர்ப்பொருள் உண்மையில் எதைத் தாக்குகிறது?

ரத்தக்குழாயை. தோலின் மேற்புறச் செல்களிலும் ஹெச்-2 மூலக்கூறுகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் எதிர்ப்பொருள் ரத்தத்தில் வருகிறது. ரத்தம் முதலில் தொடுவது குழாயின் உட்சுவரில் ஓடு பதித்ததுபோல் ஒட்டியிருக்கும் செல்களைத்தான். இவற்றை எண்டோதீலியம் என்பார்கள்.

அங்கே எதிர்ப்பொருள் ஒட்டியதும் காம்ப்ளிமென்ட் ஒவ்வொரு படியாகத் தூண்டப்படுகிறது. செல்சவ்வில் துளை விழுகிறது. துளை விழாத செல்லும் கலவரமாகி, தன்னுள் சேர்த்துவைத்த வான் வில்லிபிராண்ட் காரணி என்ற ஒட்டும் புரதத்தை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வந்து அதில் ஒட்டுகின்றன. காம்ப்ளிமென்ட்டின் உடைந்த துண்டுகள் நியூட்ரோஃபில்களை அழைக்கின்றன. குழாய் கசிகிறது, உறைகட்டி அடைக்கிறது. அதன்பின் தோல் சாவது பசியால். மேற்புறச் செல்களை எதிர்ப்பொருள் ஒவ்வொன்றாகத் தேடிப்போய்க் கொல்ல வேண்டிய தேவையே இல்லை. தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டால் தோட்டம் தானாகக் காய்வதைப் போல.

புதிதாக வைத்த ஒட்டும், நெடுநாள் ஆன ஒட்டும் ஏன் தப்பிக்கின்றன?

இந்த விஷயத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஜூஸ்ட், கால்வின், வின் முதலியோர் 1981இல் இதைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். எதிர்ப்பு அடக்கப்பட்ட சுண்டெலியின் மேல் எலித் தோல். சீரமும் எலிக்கு எதிரானதுதான். மாறியது எதிர்ப்பொருளைக் கொடுத்த நேரம் மட்டும்.

தோலை வைத்த புதிதில் சீரம் கொடுத்தார்கள், ஒட்டு தப்பித்தது. பிடித்து ரத்த ஓட்டம் நிலைத்தபின் கொடுத்தார்கள், அழிந்தது. இன்னும் நெடுநாள் விட்டுக் கொடுத்தார்கள், மறுபடியும் தப்பித்தது!

தோல் ஒட்டின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். முதல் ஓரிரு நாள் அது கீழேயிருந்து ஊறிவரும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கிறது. பிறகு அறுந்த குழாய் நுனிகளும் படுக்கையின் குழாய் நுனிகளும் ஒன்றையொன்று கண்டு இணைகின்றன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஓட்டம் சீராகிறது. இந்தக் கட்டத்தில் ஒட்டுக்குள் இருக்கும் குழாய்ச் சுவர் எலியுடையது. அதில் ஓடுவது சுண்டெலியின் ரத்தம். எதிர்ப்பொருளுக்கு இலக்கும் இருக்கிறது, அங்கே போய்ச்சேர வழியும் இருக்கிறது.

நாள் போகப்போக, சுண்டெலியின் செல்கள் அந்தக் குழாய்களுக்குள் குடியேறுகின்றன. உட்சுவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டெலியுடையதாகிறது. வெளியே பார்த்தால் எலித் தோல்தான், முளைப்பதும் எலி மயிர்தான். ஆனால் உள்ளே குழாய் வேறு ஆளுடையது. எதிர்ப்பொருள் வந்து தேடும் அடையாளம் அந்தச் சுவரில் இல்லை. தோல் முழுக்க எலிச் செல்கள் இருந்தும் அழிவதில்லை. எதிர்ப்பொருளின் இலக்கு குழாய்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

‘வெள்ளை ஒட்டு’ என்கிறார்களே, அது என்ன?

கொடையாளியின் தோலை முன்பே பலமுறை நிராகரித்த விலங்குக்கு மறுபடி அதே தோலை வைத்தால், சில சமயம் ஒட்டு சிவப்பதே இல்லை. ரத்தம் உள்ளே நுழையாமலே, வைத்த நாள் நிறத்திலேயே வெளிறிக் கிடந்து காய்ந்துபோகும். முயல்களிலும் சுண்டெலிகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட விலங்கில் எதிர்ப்பொருளும் நிறைய, பழகிய டி செல்லும் நிறைய. இரண்டில் எதன் கை ஓங்கியது என்று ஒட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கட்டு நழுவியதால் பிடிக்காமல்போன ஒட்டும் இதேபோல வெளிறித்தான் இருக்கும். அதனால்தான் அதே விலங்கின் சொந்தத் தோலையோ அதே இனவழியின் தோலையோ பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைக்கிறார்கள். அது பிடிக்கவில்லை என்றால் தவறு கையில், நோயெதிர்ப்பில் இல்லை.

எதிர்ப்பொருள் ஒட்டைக் காப்பாற்றவும் செய்யுமா?

செய்யும். அமெரிக்காவின் ஜாக்ஸன் ஆய்வகத்தில் நேதன் காலிஸ் 1950களில் இதை விரிவாக ஆராய்ந்தார். கொடையாளிக்கு எதிரான சீரத்தை முன்கூட்டியே கொடுத்தபோது, நிராகரிக்கப்பட வேண்டிய அந்நியக் கட்டி நிராகரிக்கப்படாமல் வளர்ந்தது. தோல் ஒட்டிலும் சில நிலைகளில் ஆயுள் சில நாள் நீளும். எதிர்ப்பொருள் அந்நிய அடையாளத்தை மூடிவிடுவதும், புதிய எதிர்ப்பு உருவாவதை அடக்குவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எந்த வகை எதிர்ப்பொருள், எவ்வளவு, எப்போது, காம்ப்ளிமென்ட் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து அதே சீரம் காவலாகவும் ஆகும், கத்தியாகவும் ஆகும்.

எதிர்ப்பொருளே இல்லாத சுண்டெலி தோலை ஏற்றுக்கொள்ளுமா?

இல்லை. மரபணு மாற்றத்தால், எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்லே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளும் வேறு இனவழித் தோலை நிராகரிக்கின்றன. மறுபக்கம், தைமஸ் சுரப்பி இல்லாமல் பிறக்கும் மயிரற்ற ‘நியூட்’ சுண்டெலியில் முதிர்ந்த டி செல்கள் உருவாவதில்லை. அது கோழித் தோலைக்கூட ஏற்றுக்கொண்டது, அதன் முதுகில் இறகு முளைத்ததைப் படமெடுத்தே 1973இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே சாதாரண முதல் நிராகரிப்பில் தலைமை டி செல்லுக்குத்தான். எதிர்ப்பொருளின் வலிமை தெரிவது அது முன்பே இரத்தத்தில் தயாராக இருக்கும்போது.

பன்றித் தோல் மனிதருக்கு வைத்தால்?

மனிதருக்குப் பன்றிக்கு எதிரான எதிர்ப்பொருள் பிறவியிலிருந்து சிறிது காலத்திலேயே உருவாகிவிடுகிறது. பன்றியின் செல்களில் ‘ஆல்ஃபா-கால்’ என்ற சர்க்கரை அமைப்பு உண்டு. நமக்கு அது இல்லை, ஆனால் குடல் பாக்டீரியாக்கள் சிலவற்றில் உண்டு. அவற்றைப் பார்த்துப் பார்த்தே நம் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கிறது. அந்தச் சர்க்கரையை உண்டாக்கும் மரபணு நீக்கப்பட்ட பன்றிகள் 2000களின் தொடக்கத்தில் பிறந்தன. தீக்காயத்துக்குப் பன்றித் தோலைத் தற்காலிகப் போர்வையாகப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம்.

சிறுநீரகத்தில் நிமிடங்களில் நடப்பது தோலில் ஏன் நாட்கள் எடுக்கிறது?

முதல் பதிலில் சொன்ன அதே காரணம். சிறுநீரகத்தில் கவ்வியை எடுத்த நொடியே, கொடையாளியின் குழாய்ச் சுவரை நோயாளியின் ரத்தம் முழு வேகத்தில் தொடுகிறது. எதிர்ப்பொருள் முன்பே இருந்தால், இளஞ்சிவப்பாக விரிந்த சிறுநீரகம் அறுவை மேசையிலேயே நீலம் பாரித்துத் துவண்டுவிடும். அதற்காகத்தான் மாற்றுவதற்கு முன் நோயாளியின் சீரத்தையும் கொடையாளியின் வெள்ளணுக்களையும் கலந்து சோதிக்கிறார்கள். படேல், டெராசாகி இருவரும் 1969இல் அதன் அவசியத்தை நிறுவினார்கள். மேலும், சிறுநீரகத்தின் குழாய்ச் சுவர் பெரும்பாலும் கொடையாளியுடையதாகவே பல ஆண்டுகள் நீடிக்கிறது. நெடுநாள் ஆன தோல் ஒட்டுக்குக் கிடைக்கும் தப்பிப்பு அதற்குக் கிடைப்பதில்லை.

தீக்காயத்துக்குத் தோல் வங்கித் தோல் வைத்தவர்களுக்கு இதனால் என்ன?

அந்தத் தோல் சில வாரங்களுக்கு உயிர்காக்கும் போர்வை. நிலையாக ஒட்டுவதற்காக வைப்பதில்லை. ஆனால் அதனாலும், கூடவே ஏற்றப்படும் ரத்தத்தாலும், நோயாளியின் உடலில் ஹெச்எல்ஏவுக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகலாம். பின்னாளில் அவருக்குச் சிறுநீரகமோ, கை, முகம் போன்ற உறுப்போ மாற்ற வேண்டிவந்தால் பொருத்தமான கொடையாளி கிடைப்பது கடினமாகும். இதற்காகத் தோல் வங்கித் தோலை மறுக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் உயிர்தான் முதலில். பெற்ற சிகிச்சை விவரங்களைப் பத்திரமாக வைத்திருந்து, பின்னால் மருத்துவரிடம் மறக்காமல் சொன்னால் போதும்.

விலங்குகளுக்கு வலிக்காதா?

வலிக்கும். அதனால் மயக்கமருந்து இல்லாமல் இந்த அறுவை செய்யக் கூடாது. பிறகு வலிநிவாரணியும் வேண்டும். இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகே ஒரு சுண்டெலியையும் தொடலாம். எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வேறு வழியில்லையா என்று குழு கேட்கும். கட்டு பிரிக்கும்வரை தினமும் ஒருமுறையாவது ஒவ்வொரு கூண்டாகப் பார்க்க வேண்டும்: சாப்பிடுகிறதா, கூன்போட்டு மூலையில் ஒதுங்கி இருக்கிறதா, கட்டு மூச்சை அழுத்துகிறதா. அழுத்தினால் ஒட்டு போனாலும் பரவாயில்லை, கட்டை உடனே வெட்டித் தளர்த்துங்கள்.